பிணக்குக்குப் பிறகு

கல்யாணப் பேச்சு எடுக்கும் முன் ஒரு குடும்பத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்தால் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த நற்சான்று, "அந்த வீட்டில் சத்தமே கேட்காது" என்பதுதான். கணவன் மனைவி, மாமியார் மருமகள், அண்ணன் தம்பி என்று எந்த உறவையும் நாம் பெரும்பாலும் இந்த ஒற்றை அளவுகோலால்தான் அளக்கிறோம். சண்டை இல்லையென்றால் எல்லாம் நலம். சண்டை வந்தால் ஏதோ கெட்டுவிட்டது. மனநிம்மதிக்கு வழி சொல்பவர்களும் இதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள்: கோபத்தை அடக்கு, விட்டுக்கொடு, அனுசரித்துப் போ. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளாகக் குழந்தைகளையும் தம்பதிகளையும் அருகிலிருந்து கவனித்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால், இந்த அளவுகோல் பிழையானது என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. எத்தனை முறை பிணக்கு வந்தது என்ற எண்ணிக்கை ஓர் உறவைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்கிறது. பிணங்கியவர்கள் எப்படித் திரும்பச் சேர்ந்தார்கள், யார் முன்கை எடுத்தார்கள், நீட்டிய கையை மற்றவர் பற்றிக்கொண்டாரா என்பவை அதைவிடப் பல மடங்கு சொல்கின்றன.

இதை வெறும் மனம் சார்ந்த விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உறவு உடலுக்குள் வேலை செய்கிறது. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2010இல் 148 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பரிசீலித்தார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 3,08,849 பேர். ஆய்வுக் காலத்தின் முடிவில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, உறுதியான உறவுகள் கொண்டவர்களுக்கு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு தடயம் 2006இல் வெளியான ஜேம்ஸ் கோனின் சோதனையில் கிடைக்கிறது. மணமான 16 பெண்களை மூளையைப் படம் பிடிக்கும் எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, சிறிய மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று எச்சரித்தார்கள். தனியாக இருந்தபோது மூளையின் ஆபத்தை எதிர்கொள்ளும் பகுதிகள் பரபரத்தன. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டபோது அது ஓரளவு தணிந்தது. கணவன் கையைப் பிடித்தபோது கூடுதலாகத் தணிந்தது. மணவாழ்வில் நிறைவு அதிகம் என்று சொன்ன பெண்களிடம் அந்தத் தணிவும் அதிகம். நெருங்கிய ஒருவரின் இருப்பைத் தன் பலத்தின் ஒரு பங்காகவே மூளை கணக்கு வைத்துக்கொள்கிறது போலும். அந்த நெருக்கம் அறுபடும்போது உடம்பே கலங்குவதும், அது திரும்பும்போது உடம்பு ஆறுவதும் அதனால்தான்.

இந்த அறுபடுதலையும் திரும்புதலையும் மிகத் துல்லியமாகக் காட்டியவர் எட்வர்ட் ட்ரோனிக். அவரும் சக ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட 'அசையா முகம்' சோதனை, குழந்தை உளவியலில் அதிகம் திருப்பிச் செய்துபார்க்கப்பட்ட சோதனைகளில் ஒன்று. சில மாதக் குழந்தையை எதிரே உட்காரவைத்துத் தாய் வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுவார். பிறகு ஓரிரு நிமிடங்களுக்கு முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், பதில் பேசாமல், குழந்தையைப் பார்த்தபடி மட்டும் இருப்பார். குழந்தை உடனே அழுதுவிடுவதில்லை. முதலில் சிரித்துப் பார்க்கிறது. பிறகு மழலை பேசுகிறது, கையை நீட்டுகிறது, உடம்பை முன்னுக்குத் தள்ளுகிறது. இதுவரை பலித்த தந்திரங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது. எதுவும் பலிக்காதபோதுதான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, சுருங்குகிறது, சில குழந்தைகள் வீரிட்டு அழுகின்றன. தாய் மீண்டும் பழையபடி சிரித்துப் பேசியதும், கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, கொஞ்சம் அழுது, பிறகு திரும்பி வருகிறது. பேச்சு வருமுன்பே, நடக்க வருமுன்பே, விலகிப்போன உறவை இழுத்துப் பிடிக்கும் முயற்சி மனிதக் குழந்தைக்குள் இருக்கிறது.

பிரபலமானது அந்தச் சோதனை. ஆனால் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். என் பார்வையில் அதற்கு இன்னும் கூடுதலான முக்கியத்துவம் உண்டு. எந்தக் குறையும் இல்லாத, அன்பான தாயும் நலமான குழந்தையும் இயல்பாக விளையாடும் காட்சிகளை நொடிநொடியாக அலசிப் பார்த்தபோது, இருவரும் ஒரே மனநிலையில் இசைந்திருந்த நேரம் ஏறத்தாழ 30 சதவீதம்தான். மீதி நேரமெல்லாம் ஏதோ ஒரு பொருத்தமின்மை. களைத்துப்போன குழந்தை தலையைத் திருப்ப, தாய் இன்னும் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருப்பார். குழந்தை தூக்கச் சொல்ல, தாய் பசியென்று நினைப்பார். ஆனால் இந்தப் பிசகுகளில் பல, அடுத்த சில நொடிகளிலேயே சரியாகிவிடுகின்றன. தாய் குறிப்பறிந்து மாறுகிறார், அல்லது குழந்தையே சிணுங்கி அவரைத் திருத்துகிறது. இப்படிச் சரியாகும் அனுபவத்தை அதிகம் பெற்ற குழந்தைகள், அசையா முகத்தை எதிர்கொண்டபோதும் தாயைத் திரும்ப அழைக்கும் முயற்சியை அதிகமாகச் செய்ததாக ட்ரோனிக்கும் ஆண்ட்ரூ ஜியானினோவும் கண்டார்கள். சரிசெய்ய முடியும் என்ற நம்பிக்கை குழந்தைக்கு எங்கிருந்து வருகிறது? பிசகே இல்லாத அன்பிலிருந்து அது வர முடியாது. பிசகியது சரியானதைப் பலமுறை பார்த்ததிலிருந்துதான் வருகிறது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் சிக்கும் தாய்மார்களிடம் இந்தச் சரிசெய்தல் தாமதமாகிறது என்பதும் இதே ஆய்வு மரபில் தெரியவந்தது. அந்தத் தாயைக் குறை சொல்ல இதில் இடமில்லை. அவருக்குச் சிகிச்சையும், பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ள இன்னும் இரண்டு கைகளும் வேண்டும் என்பதற்கே இது சான்று.

வளர்ந்தவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டவர் ஜான் காட்மன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், தம்பதிகளை வரவழைத்து, அவர்களுக்குள் ஓயாமல் இடறிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லி, முகபாவம், குரல், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் பதிவுசெய்தார். பிறகு ஆண்டுக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்தார். தம்பதிகளின் சச்சரவுகளில் ஏறத்தாழ 69 சதவீதம் தீர்வே இல்லாதவை என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. பணத்தை எப்படிச் செலவழிப்பது, பிறந்த வீட்டுக்கு எத்தனை தடவை போவது, பிள்ளையை எவ்வளவு கண்டிப்பது என்பவை இரண்டு பேரின் வளர்ப்பிலும் குணத்திலும் வேர்விட்டவை. அவை இருபது வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும். நிலைத்த தம்பதிகளிடமும் அவை இருந்தன. வித்தியாசம் பேச்சின் போக்கில் இருந்தது. வாக்குவாதம் முற்றும்போது ஒருவர் குரலைத் தணிக்கிறார், "நான் சொன்ன விதம் சரியில்லை" என்கிறார், இருவருக்கும் மட்டுமே புரிகிற ஒரு கேலியைச் சொல்கிறார், அல்லது சும்மா தோளைத் தொடுகிறார். காட்மன் இவற்றைச் சரிசெய்யும் முயற்சிகள் என்றார். எல்லாத் தம்பதிகளும் இவற்றைச் செய்கிறார்கள். நல்ல உறவில் மற்றவர் அதை ஏற்றுக்கொள்கிறார். கெட்டுப்போன உறவில் அது காதில் விழுவதே இல்லை. இன்னொன்று, அலட்சியம் கலந்த இளக்காரம். உதட்டைச் சுழிப்பது, "உனக்கு என்ன தெரியும்" என்பது. கோபத்தைவிட இதுவே பிரிவுக்கு வலுவான முன்னறிகுறி என்று அவர் கண்டார்.

காட்மனின் ஆய்வுகள் மீது நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. எந்தத் தம்பதி பிரிவார்கள் என்று 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாகக் கணிக்கலாம் என்ற பேச்சு ஊடகங்களில் பரவியது. ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001இல் இதன் பலவீனத்தைக் காட்டினார்கள்: முடிவு தெரிந்த பிறகு அதே தம்பதிகளின் தரவுக்குப் பொருந்தும்படி உருவாக்கிய சூத்திரத்தைப் புதிய தம்பதிகள் மீது வைத்துப் பார்த்தால், கணிப்பின் துல்லியம் வெகுவாக விழுந்துவிடுகிறது. ஆகவே பதினைந்து நிமிடப் பேச்சைக் கேட்டு ஒரு திருமணத்துக்கு ஜாதகம் எழுதிவிட முடியாது. இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனாலும் இது கணிப்பைத்தான் அடிக்கிறது. கருத்து வேறுபாடு ஒன்று, பகைமை வேறொன்று, உறவை அரிப்பது இரண்டாவதே என்ற அடிப்படைக்கு வேறு இடங்களிலிருந்தும் ஆதாரம் இருக்கிறது.

அதில் மறக்க முடியாத ஒன்று ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் நடத்தி 2005இல் வெளியிட்டது. 42 தம்பதிகளை மருத்துவமனை ஆய்வுப் பிரிவில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் முழுக்கத் தங்கவைத்து, அவர்களின் கையில் சிறு கொப்புளக் காயங்களை உண்டாக்கினார்கள். ஒரு முறை ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசச் சொன்னார்கள். மறுமுறை சச்சரவுக்குரிய விஷயத்தைப் பேசச் சொன்னார்கள். சச்சரவுக்குப் பிறகு காயம் ஆறச் சற்றுத் தாமதமானது. எனவே சண்டைக்கு விலையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது; இந்தக் கட்டுரையும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பெரிய வித்தியாசம் தம்பதிகளுக்கு இடையில் தெரிந்தது. பகைமையோடு பேசிய தம்பதிகளின் காயங்கள், பகைமை குறைந்தவர்களின் காயங்கள் ஆறிய வேகத்தில் 60 சதவீத வேகத்திலேயே ஆறின. எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றுதான்: முரண்படும் விஷயத்தைப் பேசுவது. அதை எப்படிப் பேசினார்கள் என்பதைத் தோல் பதிவு செய்துவைத்தது.

அப்படியானால் பேசாமலே இருந்துவிட்டால் என்ன? வாயைத் திறந்தால்தானே வம்பு என்ற கேள்வி எழும். நம் வீடுகளில் மிகப் பரவலான வழி இதுதான். கல்யாணப் பத்திரிகை வைத்த முறை சரியில்லை என்று தொடங்கிய மனஸ்தாபத்தில் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன அண்ணன் தம்பிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஜேம்ஸ் கிராஸ் தொண்ணூறுகளிலிருந்து ஆராய்ந்தார். வெளியே தெரிவது குறைகிறது. உள்ளே இதயமும் ரத்தநாளங்களும் கூடுதலாகவே உழைக்கின்றன. அவரோடு எமிலி பட்லர் நடத்தி 2003இல் வெளிவந்த சோதனை இன்னும் ஒரு படி மேலே போனது. அறிமுகமில்லாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மனத்தை உலுக்கும் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருத்தியிடம் மட்டும் ரகசியமாக, உணர்ச்சி எதையும் வெளிக்காட்டாதே என்று சொல்லியிருந்தார்கள். எதிரே இருந்தவளுக்கு அது தெரியாது. ஆனால் அவளுடைய ரத்த அழுத்தம் உயர்ந்தது. அந்த இன்னொருத்தியோடு நெருங்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. மூடிய முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் உடம்பும் சேர்ந்தே உழைக்கிறது. மௌனம் இருவரையும் தொடுகிறது.

இவையெல்லாம் அமெரிக்கர்களை வைத்துச் செய்தவை, அடக்கத்தைப் பண்பாகக் கருதும் நமக்கு இவை பொருந்துமா என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். பட்லரும் கிராஸும் அவர்களின் சக ஆய்வாளரும் 2007இல் இதைச் சோதித்தார்கள். ஆசியப் பண்பாட்டு விழுமியங்களைப் பேணும் பெண்களிடம், உணர்ச்சியை அடக்குவதன் தீய விளைவுகள் குறைவாகவே இருந்தன. எல்லோரும் அடக்கிப் பழகிய சூழலில் அடக்கம் பகையாக வாசிக்கப்படுவதில்லை. ஆகவே மனத்தில் பட்டதையெல்லாம் கொட்டித் தீர்ப்பதுதான் ஆரோக்கியம் என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் பாதி உண்மையையே சொல்கிறார்கள். வடிவம் மாறலாம். வெளிப்படையாகப் பேசித்தான் சேர வேண்டும் என்பதில்லை. ஆனால் ஏதோ ஒரு வழியில் சேர்ந்தாக வேண்டும். நம் வீடுகளில் மூத்தவர்கள் இளையவர்களிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. காலையில் பிள்ளையைத் திட்டித்தீர்த்த அம்மா இரவில் தட்டைப் போட்டு "சாப்பிட வா" என்கிறார், பிடித்த கறியை ஒரு கரண்டி கூடுதலாக வைக்கிறார். அது முழுமையான சரிசெய்யும் முயற்சி. பிள்ளைக்கும் அது தெரியும்.

எல்லாக் காயத்துக்கும் இந்த அழைப்பு போதுமா என்பது வேறு கேள்வி. ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016இல் 755 பேரிடம், மன்னிப்பு கோருவதன் ஆறு கூறுகளில் எது எடுபடுகிறது என்று சோதித்தார்கள். வருத்தம் தெரிவிப்பது, நடந்ததை விளக்குவது, தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்வது, இனிச் செய்யமாட்டேன் என்பது, ஈடுசெய்ய முன்வருவது, மன்னித்துவிடு என்று கேட்பது. இவற்றில் முதலிடம் பெற்றது பொறுப்பை ஒப்புக்கொள்வது. அடுத்தது ஈடுசெய்ய முன்வருவது. "மன்னித்துவிடு" என்ற கோரிக்கை கடைசியில் நின்றது. சாப்பிடக் கூப்பிடுவதில் அன்பு இருக்கிறது, பொறுப்பேற்பு இல்லை. சின்ன எரிச்சலுக்கு அது தாராளமாகப் போதும். நாலு பேர் நடுவில் அவமானப்படுத்திவிட்டு, படிப்பையோ கல்யாணத்தையோ பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக முடிவுசெய்துவிட்டு, தட்டைப் போட்டால் மட்டும் போதாது. "அது என் தப்பு" என்ற சொல் அங்கே வர வேண்டும், மூத்தவர் வாயிலிருந்தும் வர வேண்டும். சேர்வதற்கு நேரம் பார்க்கவும் வேண்டும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிய நிலையில் யாருக்கும் எதுவும் காதில் ஏறாது என்கிறார் காட்மன். குறைந்தது இருபது நிமிடம் விலகியிருந்து திரும்புவது நல்லது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவதில் இருக்கிறது.

நல்ல உறவு உள்ளவர்களுக்குச் சரிசெய்வது எளிது என்பதால்தான் இந்தத் தொடர்பெல்லாம் தெரிகிறது, சரிசெய்வதால் உறவு நன்றாவதில்லை என்றும் ஒருவர் வாதிடலாம். இதற்குப் பதில் சொல்லக் கண்காணிப்பு போதாது, சோதனை வேண்டும். ஈலை ஃபிங்கெல் குழுவினர் 2013இல் வெளியிட்டது அப்படியொரு சோதனை. சிகாகோ பகுதியைச் சேர்ந்த 120 தம்பதிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் எல்லோருடைய மணநிறைவும் சற்றே சரிந்தது. இரண்டாம் ஆண்டில், குலுக்கல் முறையில் தேர்ந்த பாதிப் பேர் மட்டும் நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஏழு நிமிடம் ஒன்றை எழுதினார்கள்: அண்மையில் வந்த பிணக்கை, இருவருக்கும் நல்லதையே நினைக்கும் நடுநிலையான மூன்றாம் மனிதர் ஒருவர் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்? ஓர் ஆண்டில் மொத்தம் 21 நிமிடம். அவர்களுடைய சரிவு நின்றது, மற்றவர்களுடையது தொடர்ந்தது. சண்டைகளின் எண்ணிக்கை குறைந்ததால் இது நடக்கவில்லை, அவற்றால் வரும் மனவேதனை குறைந்ததால் நடந்தது. இதைப் படிக்கும்போது சங்க அகப்பாடல்களின் மருதத்திணை நினைவுக்கு வருகிறது. ஊடலே அங்கே உரிப்பொருள். அதைத் தீர்த்துவைக்க வருபவர்களுக்கு வாயில்கள் என்று பெயர். தோழி, பாணன், விறலி, வீட்டுக்கு வந்த விருந்தினர்கூட அந்த வேலையைச் செய்தார்கள். பரத்தையிடம் போய்வந்த தலைவனைத் தலைவி கடைசியில் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்ற சமனின்மை அந்த மரபுக்குள் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆயினும் இருவர் பிணங்கினால் மூன்றாம் மனிதர் தேவை என்ற அறிவு அதில் இருந்தது. அத்தையும் பெரியப்பாவும் கூடவே இருந்த வீடுகளில் அந்த இடம் காலியாக இருந்ததில்லை. இரண்டு பேர் மட்டும் வசிக்கும் அடுக்குமாடி வீட்டில் அது காலி. ஃபிங்கெலின் சோதனை செய்தது, அந்த வாயிலை அவரவர் மனத்துக்குள்ளேயே ஏற்படுத்திக்கொடுத்ததுதான்.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அந்த வீடுகளிலும் அடிக்குப் பிறகு அழுகை, மன்னிப்பு, பூ, புடவை எல்லாம் வருகின்றன. லெனோர் வாக்கர் 1979இலேயே விவரித்த சுழற்சி அது: இறுக்கம் ஏறுகிறது, அடி விழுகிறது, அடித்தவர் உருகுகிறார், மறுபடி இறுக்கம். வெளித்தோற்றத்தில் அது சரிசெய்தல் போலவே இருக்கும். பிரித்தறிய ஒரே வழி, காயப்படுத்திய செயல் நின்றதா என்று பார்ப்பது. நிற்கவில்லையென்றால் அங்கே சரிசெய்தல் நடக்கவே இல்லை. இன்னொருவருக்குப் பயந்து ஒருவர் இறங்கிப்போவதை எந்த ஆய்வும் உறவின் நலம் என்று சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் வன்முறையோடு வாய்ச்சொல்லால், மனத்தால், பொருளாதாரத்தால் செய்யும் கொடுமையையும் குடும்ப வன்முறையாகவே பார்க்கிறது. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடம் அனுசரித்துப் போ என்று சொல்லும் உறவினர், அந்தச் சுழற்சிக்கு ஓர் அச்சாணியாகிறார்.

இந்த எல்லைக்குள் நின்று பார்த்தால், வீட்டுப் பிணக்கின் முக்கியமான பார்வையாளர்கள் பிள்ளைகள். நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் மார்க் கமிங்ஸ் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். பெரியவர்கள் வாக்குவாதம் செய்யும் காட்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, முடிவை மட்டும் மாற்றிமாற்றி வைத்தார். வாக்குவாதம் அந்தரத்தில் நின்றபோது பிள்ளைகள் கோபமும் கலக்கமும் அடைந்தார்கள். அதே வாக்குவாதம் சமாதானத்தில் முடிந்தபோது கலக்கம் வெகுவாகக் குறைந்தது. பேச்சை நிறுத்திவிட்டு முகம் கொடுக்காமல் இருந்த பெரியவர்களையும் பிள்ளைகள் சண்டை போடுபவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். சத்தம் கேட்காத வீட்டைப் பற்றிய நம் நற்சான்று அவர்களிடம் செல்லவில்லை. நம் வீடுகளில் சண்டை பெரும்பாலும் கூடத்தில் நடக்கிறது, சமாதானமோ கதவு சாத்திய அறைக்குள் நடந்து முடிகிறது. பிள்ளை முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் படுக்கப் போகிறது. கமிங்ஸின் சோதனைகளில், சமாதானமானதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்காவிட்டாலும், பிறகு அவர்களிடம் சொன்னபோது அதே அளவுக்குத் தெளிந்தார்கள். நேற்றைய விஷயத்தை இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டோம் என்று காலையில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையிடம் சொல்ல அரை நிமிடம் ஆகும். சொல்வது உண்மையாக மட்டும் இருக்க வேண்டும்.